மூளைக் கட்டிக்கு மக்கும் நானோதுகள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்துக்கு இரண்டு வகை வாசகர்கள் வருகிறார்கள். ஒரு பக்கம் மருந்தாக்கவியல், உயிர்தொழில்நுட்ப மாணவர்கள். இன்னொரு பக்கம், வீட்டில் ஒருவருக்குக் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பவர்கள். இரண்டாம் வகையினர் ஆய்வகச் செய்முறையைத் தாண்டிக் கடைசி இரண்டு கேள்விகளுக்குப் போய்விடலாம்.

மக்கும் நானோதுகள் என்றால் என்ன?

மருந்தைத் தனக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் உடலிலேயே கரைந்து போகும் பாலிமர் உருண்டை. விட்டம் பெரும்பாலும் 60 முதல் 200 நானோமீட்டர். மக்கும் என்றதும் குப்பைத் தொட்டி நினைவுக்கு வரும். ஆனால் இங்கே மக்க வைப்பது நுண்ணுயிர் இல்லை, தண்ணீர். அதிகம் பயன்படும் பாலிமர் பி.எல்.ஜி.ஏ. லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் எஸ்டர் பிணைப்பால் கலந்து கோத்த சங்கிலி அது. தண்ணீர் பட்டால் அந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறும். தானே கரையும் தையல் நூலும் இதே குடும்பம்தான். புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் லூப்ரான் டெப்போ ஊசி இந்தப் பாலிமரில் செய்தது. 1989-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் அதிலுள்ளவை மைக்ரோமீட்டர் அளவிலான உருண்டைகள், நானோ அல்ல. பாலிமர் பழையது, அளவுதான் புதியது.

மருந்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் மூளைக்குப் போகாதா?

பெரும்பாலானவை போகாது. மற்ற உறுப்புகளின் ரத்த நுண்குழாய்களில் செல்களுக்கு இடையே சந்து இருக்கும். மூளையின் நுண்குழாய்களில் அந்தச் சந்தை கிளாடின்-5 போன்ற புரதங்கள் பூசி அடைத்திருக்கின்றன. இதுதான் ரத்த-மூளைத் தடை. சந்தில் போக முடியாத மருந்து செல்லுக்குள் புகுந்துதான் கடக்க வேண்டும். அப்படிப் புகுந்ததையும் பி-கிளைகோபுரோட்டீன் என்ற பம்பு பிடித்து ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். டாக்சோரூபிசின், பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்துகள் தட்டில் வளர்த்த மூளைக் கட்டிச் செல்களை நன்றாகவே கொல்கின்றன, நோயாளியிடம் பயன்படுவதில்லை. காரணம் இந்தப் பம்பும் அவற்றின் பருமனும். பாக்ளிடாக்சலின் மூலக்கூறு எடை 854. தடையைக் கடக்கும், மூளைக் கட்டிக்கு வழக்கமாகத் தரும் டெமோசோலமைடின் எடை 194 மட்டுமே.

கட்டி உள்ள இடத்தில் தடை உடைந்திருக்கும் என்கிறார்களே?

உடைந்திருக்கும், ஆனால் நடுவில்தான். எம்.ஆர்.ஐ. படத்தில் சாயம் ஏறி வெள்ளையாகத் தெரியும் பகுதி அதுதான். அறுவை மருத்துவர் வெட்டி எடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். மிஞ்சி நிற்பவை ஓரத்தில், நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் போன செல்கள். அங்கே தடை கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். நோய் திரும்பி வருவதும் பெரும்பாலும் வெட்டிய குழியிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்தான். ஆகவே ‘எங்கள் துகள் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது’ என்று ஒருவர் சொன்னால், நடுவுக்கா ஓரத்துக்கா என்று கேளுங்கள்.

ஏன் மக்கியே ஆக வேண்டும்? தங்கம், சிலிக்கா துகள்களும் இருக்கின்றனவே?

சிறுநீரகம் வடித்து வெளியேற்றுவது சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழான பொருளை மட்டுமே. 100 நானோமீட்டர் துகள் கரையாவிட்டால் வெளியே போக வழியில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். புற்றுநோய் மருந்து ஒருமுறை போடுவதில்லை, சுற்றுச் சுற்றாக மாதக்கணக்கில் போகும்.

பி.எல்.ஜி.ஏ. உடைந்தால் வருவது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும். கடைசியில் கார்பன் டையாக்சைடும் தண்ணீரும். நம் உடலே நாள் ஒன்றுக்கு 100 கிராமுக்கு மேல் லாக்டேட் உண்டாக்கி அழிக்கிறது. அதன் பக்கத்தில் ஊசியில் போகும் சில மில்லிகிராம் ஒரு பொருட்டே இல்லை. வேகத்தை விகிதம் தீர்மானிக்கும்: இரண்டு அமிலமும் பாதிக்குப் பாதி இருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் கரையும், லாக்டிக் 75, கிளைகாலிக் 25 என்றால் தண்ணீர் உள்ளே வருவது குறைந்து இன்னும் நீளும். சங்கிலியின் நுனி அமிலமாக இருந்தால் வேகம், எஸ்டராக மூடியிருந்தால் மெதுவு. வாங்கும்போது விகிதத்தை மட்டும் பார்த்து நுனியைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு பழைய முடிவு ஏன் திரும்ப வரவில்லை என்று மாதக்கணக்கில் தேடுவார்கள்.

எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்?

தடையைக் கடப்பது முதல் வாசல்தான். அதற்குப் பிறகு மூளைச் செல்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் ஊர்ந்து பரவ வேண்டும். அந்தச் சந்து 64 நானோமீட்டருக்கு மேல் விடாது என்றே வெகுநாள் நம்பிக்கை இருந்தது. 2012-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜஸ்டின் ஹேன்ஸின் குழு, பாலிஎதிலின் கிளைகாலை மிக அடர்த்தியாகப் போர்த்தினால் 114 நானோமீட்டர் துகள்கூட மனித, எலி மூளைத் திசுவில் நகர்கிறது என்று காட்டியது. போர்வை இல்லாத அதே அளவுத் துகள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. அளவைப் போலவே மேற்பரப்பின் வழுக்கலும் கணக்கில் வருகிறது. அரைகுறைப் போர்வை போதாது.

ரத்தம் வழியாகப் போன துகள் தடையை எப்படிக் கடக்கிறது?

பழைய உத்தி பாலிசார்பேட் 80 என்ற சோப்பு போன்ற பொருளைப் பூசுவது. பிராங்க்பர்ட்டில் யோர்க் குரோய்ட்டரின் குழு 1990-களில் தொடங்கி வைத்தது. ரத்தத்தில் போனதும் பூச்சின் மேல் அப்போலிப்போபுரோட்டீன்-ஈ என்ற ரத்தப் புரதம் ஒட்டிக்கொள்கிறது. நுண்குழாய்ச் செல் அதைக் கொழுப்புத் துணுக்கு என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாறுவேடம் போட்டுக் கோட்டைக்குள் போவது போல. 2004-இல் இந்தப் பூச்சுள்ள டாக்சோரூபிசின் துகள்களைக் கொடுத்த, மூளைக் கட்டியுள்ள எலிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் நீண்டகாலம் பிழைத்தன. இதற்கு மறுப்பும் உண்டு: பூச்சும் பாலிமரும் சேர்ந்து தடையையே புண்ணாக்கித் திறக்கின்றனவோ என்று 1999-லேயே ஒரு பிரெஞ்சுக் குழு கேள்வி எழுப்பியது. அதனால் இந்த உத்தியில் ஆய்வு செய்பவர்கள் மருந்தில்லாத வெறும் துகளோடு சுக்ரோஸ் போன்ற கடக்காத பொருளைக் கொடுத்து, அதுவும் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொரு உத்தி, நுண்குழாய்ச் செல்லுக்குள் இரும்பை எடுத்துச் செல்லும் டிரான்ஸ்பெரின் ஏற்பியைப் பிடிக்கும் புரதத்தை மேலே ஒட்டுவது. பிடி இறுகினால் நல்லது என்று தோன்றும்; நடப்பது தலைகீழ். இறுக்கமாகப் பிடித்த துகள் அந்தப் பக்கம் போய் விடுபடாமல் நுண்குழாய்ச் செல்லிலேயே சிக்கிக்கொள்ளும். நடுத்தரப் பிடிதான் கடக்கிறது. மேலும் ரத்தப் புரதங்கள் துகளைச் சுற்றிப் படிந்து, நீங்கள் ஒட்டிய புரதத்தையே மூடிவிடுவதும் உண்டு. தாங்கல் கரைசலில் அருமையாகப் பிடித்த துகள் சீரத்தில் ஊமையாகிவிடும். சோதனையைச் சீரத்திலேயே செய்யுங்கள்.

தடையைக் கடக்காமல் நேரே மூளைக்குள் செலுத்தக் கூடாதா?

செலுத்தலாம். மெல்லிய குழாயை மூளைக்குள் வைத்து நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் வேகத்தில், அழுத்தத்தோடு விடுகிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டின் குழு 1994-இல் வெளியிட்ட முறை இது. வேகம் கூடினால் திரவம் முன்னே பரவாமல் குழாயின் வெளிச்சுவரை ஒட்டிப் பின்னே ஏறி வெளியே வந்துவிடும். இதைத் தடுக்கவே நுனிக்குச் சற்று மேலே தடித்த, படி போன்ற அமைப்புள்ள குழாய்கள் வந்தன.

2013-இல் யேலில் மார்க் சால்ட்ஸ்மனின் குழு சுமார் 70 நானோமீட்டர் பி.எல்.ஜி.ஏ. துகள்களை இப்படி எலிகளின் மூளையில் செலுத்தி வெகுதூரம் பரவச் செய்தது. மனிதர்களில் இந்தக் குழாய் முறையின் பெரிய சோதனை வேறொரு மருந்தில் நடந்தது: 296 பேர் சேர்ந்த பிரிசைஸ் ஆய்வு. நச்சுப் புரதம் ஒன்றைக் குழாய் வழி பெற்றவர்கள் நடுமதிப்பில் 36.4 வாரம் வாழ்ந்தார்கள், கீழே சொல்லப்போகும் மருந்து வில்லை வைத்தவர்கள் 35.3 வாரம். வித்தியாசம் இல்லை. குழாய்கள் பல வழிகாட்டியில் சொன்னபடி வைக்கப்படவில்லை என்பது பின்னர் தெரிந்தது. மருந்து தோற்றதா, குழாய் தோற்றதா என்று பிரிக்க முடியாமல் போனது.

அல்ட்ராசவுண்டால் தடையைத் திறப்பது?

இப்போது அதிக நம்பிக்கை தருவது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. நரம்பில் நுண்குமிழிகளை ஏற்றி ஒலியலையை விட்டால் குமிழிகள் அதிர்ந்து தடையைச் சிறிது நேரம் தளர்த்தும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மண்டை ஓட்டில் பொருத்திய ஒன்பது ஒலியுமிழிகளைக் கொண்டு 17 பேரிடம் செய்த முதல்கட்ட ஆய்வு 2023-இல் வெளியானது. அல்புமினில் பொதிந்த பாக்ளிடாக்சல் மூளைத் திசுவில் சுமார் 3.7 மடங்கு கூடியது. திறந்த தடை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டது. ஆகவே மருந்து ஏற்றும் நேரத்தை நிமிடக் கணக்கில் பார்த்துத் திட்டமிட வேண்டும். அல்புமின் துகள் சுமார் 130 நானோமீட்டர், மக்கும் பொருள். ஆனால் ரத்தத்தில் சீக்கிரமே கலைந்துவிடும். எனவே கடந்தது துகளா, துகளிலிருந்து பிரிந்த மருந்தா என்ற கேள்வி இன்னும் மிச்சம்.

துகளை எப்படித் தயாரிப்பது? மாதிரி அளவு சொல்லுங்கள்.

எளியது நானோ வீழ்படிவு முறை. 50 மி.கி. பி.எல்.ஜி.ஏ., 5 மி.கி. பாக்ளிடாக்சல் இரண்டையும் 5 மி.லி. அசிட்டோனில் கரையுங்கள். வேறொரு பீக்கரில் 20 மி.லி. சுத்தத் தண்ணீரில், துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொலாக்சமர் 188 ஒரு சதவீதம். காந்தக் கலக்கி ஓடும்போதே அசிட்டோன் கரைசலை ஊசியால், நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்க, சீரான வேகத்தில் விடுங்கள். அசிட்டோன் தண்ணீரில் கலந்த கணமே பாலிமர் கரைய இடமின்றித் துகளாக விழும். தண்ணீர் நீலச் சாயலோடு பால் போல் மாறும். நீலம் நல்ல அறிகுறி. சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாகி, ஓரத்தில் திப்பி படிந்தால் துகள் பெரிதாகிவிட்டது என்று பொருள்.

புகை உறிஞ்சியின் கீழ் 3, 4 மணி நேரம் திறந்து கலக்க அசிட்டோன் பறந்துவிடும். பிறகு மையவிலக்கில் சுமார் 15,000 ஜி-யில் அரை மணி நேரம் சுழற்றி, தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். துகளைச் சிறிதாக்க வேண்டுமானால் பாலிமரின் செறிவைக் குறையுங்கள், கலக்கும் வேகத்தைக் கூட்டுங்கள். 100 நானோமீட்டருக்குக் கீழே போனால் இந்த மையவிலக்கு வேகத்தில் துகள் அடியில் தங்காது. மேலே நிற்கும் தெளிந்த நீரைக் கொட்டும்போது நல்ல துகளையே கொட்டிவிடுவீர்கள். மிஞ்சுவது பெரியது மட்டும். அந்த அளவுக்கு வடிசவ்வுக் குழாயில் கழுவுவது மேல்.

டைகுளோரோமீத்தேன் கொண்டு குழம்பு முறையில் செய்பவர்கள் மிச்சக் கரைப்பானை அளக்க மறக்கக் கூடாது. சர்வதேச வழிகாட்டி வரம்பு அதற்கு 600 பி.பி.எம்.; அசிட்டோனுக்கு 5,000.

பிறகு என்னென்ன கெட்டுப் போகும்?

முதலில் உறையவைத்து உலர்த்துவது. தண்ணீரில் அழகாக மிதந்த துகள், உறையவைத்து உலர்த்தியபின் திரும்பக் கலக்கினால் அவலில் மோர் விட்டது போலக் கட்டி கட்டியாக நிற்கும். பனிப் படிகங்கள் வளரும்போது துகள்களை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கிவிடுவதுதான் காரணம். இதைத் தடுக்க, துகள் எடைக்குச் சமமான டிரெஹலோஸ் என்ற சர்க்கரையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் அளந்து இரண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். முன் எண்ணை மட்டும் போட்ட கட்டுரைகள் ஏராளம்.

அடுத்து அளவீடு. ஒளிச்சிதறல் கருவி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப ஒளியை எண்ணும். ஒரு 500 நானோமீட்டர் துகள் 15,625 எண்ணம் 100 நானோமீட்டர் துகள்களுக்குச் சமமாக ஒளிரும். கொஞ்சம் தூசி விழுந்தாலே சராசரி எகிறும். துகள்களின் அளவு எவ்வளவு கலவையாக இருக்கிறது என்று காட்டும் பரவல் குறியீடு 0.2-க்கு மேல் போனால் சராசரியை நம்பாதீர்கள், மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள்.

மூன்றாவது, முதல் நாளிலேயே மருந்து கொட்டிவிடுவது. துகளின் தோலில் ஒட்டியிருக்கும் மருந்து 24 மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். மூளைக்குப் போய்ச் சேரும் முன் ரத்தத்திலேயே கொட்டினால் அது சாதாரண ஊசிதான். வெளியேற்றச் சோதனையில் டயலிசிஸ் பைக்குள் துகளில்லாத வெறும் மருந்தையும் தனியாக வைத்து ஓட்டுங்கள். பாக்ளிடாக்சல் தண்ணீரில் கரையாததால், வெளியே டுவீன் 80 (அதே பாலிசார்பேட் 80) சேர்க்காவிட்டால் மருந்து பைக்குள்ளேயே நிற்கும். அதைப் பார்த்து ‘மெதுவான வெளியேற்றம்’ என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள்.

ஏற்று அளவும் பொதிவுத் திறனும் ஒன்றா?

இல்லை. 5 மி.கி. மருந்து போட்டீர்கள்; கழுவி உலர்த்தியபின் 40 மி.கி. துகள் கிடைத்தது, அதில் 2.8 மி.கி. மருந்து. பொதிவுத் திறன் 2.8-ஐ 5-ஆல் வகுத்தால் 56 சதவீதம். ஏற்று அளவு 2.8-ஐ 40-ஆல் வகுத்தால் 7 சதவீதம். கட்டுரைச் சுருக்கத்தில் பெரிய எண்தான் வரும். நோயாளிக்கு எவ்வளவு பாலிமர் சுமை என்பதைச் சொல்வது சின்ன எண்.

டெமோசோலமைடையே துகளில் அடைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே?

எல்லா மாணவரும் முதலில் கேட்பது. அந்த மருந்து பி.எச். 7.4-இல் சுமார் 1.8 மணி நேரத்தில் பாதியாகச் சிதையும். தண்ணீரிலும் ஓரளவு கரையும். நான்கு மணி நேரம் கலக்கிக் கழுவுவதற்குள் பாதிக்கு மேல் சிதைந்தோ, தண்ணீருக்கு ஓடியோ போய்விடும். நீர்ப்பகுதியை அமிலமாக வைத்தால் சிதைவு குறையும், ஓட்டம் குறையாது. இன்னொன்று: எம்.ஜி.எம்.டி. என்ற பழுதுபார்க்கும் என்சைம் உள்ள கட்டிகளில் இந்த மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. துகளில் அடைப்பது அதை மாற்றாது. டெமோசோலமைடு ஏற்கெனவே வாய்வழியாக மூளைக்குப் போகும் மருந்து. போக முடியாத மருந்துக்குத்தான் வண்டி தேவை.

‘செலுத்தியதில் 1 சதவீதம் மூளைக்குப் போனது’ என்றால் வெற்றியா?

பகுதியைக் கேட்டுவிட்டீர்கள், முழுமையையும் கேளுங்கள். 20 கிராம் சுண்டெலியின் மூளை 0.4 கிராம், உடல் எடையில் 2 சதவீதம். உடல் எடையில் 2 சதவீதமுள்ள உறுப்பில் மருந்தின் 1 சதவீதம் என்றால், உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் வந்திருக்க வேண்டியதில் பாதிதான். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் மொத்தக் கட்டிகளுக்குமே துகள் சேர்ந்த அளவின் நடுமதிப்பு 0.7 சதவீதம். மீதியின் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும்.

மூன்று பொறிகள் உண்டு. மூளையை உப்புக் கரைசலால் அலசாமல் அரைத்தால், நுண்குழாய் ரத்தத்தில் நின்ற துகளும் ‘மூளைக்குள்’ என்று கணக்காகும். ஒளிரும் சாயத்தை ஒட்டிப் படம் எடுத்தால், துகளிலிருந்து கழன்ற சாயம் தனியே பரவியிருக்கலாம். விலாவில் தோலுக்கடியில் வளர்த்த கட்டியில் சோதித்தால், அங்கே ரத்த-மூளைத் தடையே கிடையாது.

எலியில் வென்றது மனிதரில் தோற்பதற்கும் பாதிக் காரணம் இங்கேதான்: ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் யு87 என்ற செல் வரிசையின் கட்டி உருண்டையாக வளரும், நோயாளியின் கட்டி போல வேர் விடாது. வணிகமும் ஒரு காரணம். பாலிலாக்டிக் அமிலத் துகளில் டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை அடைத்த பைண்ட் தெரபியூட்டிக்ஸ் நிறுவனம் வெகுவாகப் பேசப்பட்டு 2016-இல் திவாலானது. அதன் இலக்கு மூளைகூட அல்ல.

இன்றைக்கு நோயாளிக்குக் கிடைப்பது என்ன?

மூளைக் கட்டிக்கு அனுமதி பெற்ற பி.எல்.ஜி.ஏ. நானோதுகள் மருந்து எதுவும் இல்லை. மக்கும் பாலிமரில் அனுமதி பெற்றது கிளியாடெல் வில்லை. அது நானோ அல்ல. ஹென்றி பிரெம், ராபர்ட் லாங்கர் ஆகியோரின் உழைப்பில் வந்து, 1996-இல் திரும்பி வந்த கட்டிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறு நாணயம் போன்ற வட்டம், 1 மி.மீ. தடிமன், ஒவ்வொன்றிலும் கார்முஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 7.7 மி.கி. கட்டியை எடுத்த குழியின் சுவரில் எட்டு வரை ஒட்டுவார்கள். மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். பிரிக்காத உறை அறை வெப்பத்தில் 6 மணி நேரம் தாங்கும். இரண்டாக உடைந்ததைப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் உடைந்தால் எறிய வேண்டும். 240 பேர் கலந்துகொண்ட 2003 ஆய்வில் நடுமதிப்பு ஆயுள் 11.6 மாதத்திலிருந்து 13.9 மாதமானது. மருந்து திசுவில் சில மில்லிமீட்டருக்கு மேல் பரவாததும், காயம் ஆறாமை, தொற்று, மூளை வீக்கம் ஆகியவையும் அதன் குறைகள். வில்லை வைத்தவரைப் புதிய மருந்து ஆய்வுகள் பல சேர்த்துக்கொள்வதில்லை. அறுவைக்கு முன்பே கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.

வழக்கமான சிகிச்சை 2005-லிருந்து அதேதான்: 60 கிரே கதிர்வீச்சு 30 தவணையாக, கூடவே தினமும் சதுர மீட்டருக்கு 75 மி.கி. டெமோசோலமைடு, பிறகு 28 நாளுக்கு 5 நாள் வீதம் ஆறு சுற்று.

‘நானோ சிகிச்சை’ என்று விளம்பரம் வந்தது. எப்படிச் சரிபார்ப்பது?

இந்தியாவில் மருந்து ஆய்வுகளை, முதல் நோயாளி சேரும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு, இணையத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்: மருந்தின் பெயர், எந்தக் கட்டம், எந்த மருத்துவமனை, எந்த நெறிமுறைக் குழு எல்லாம் அதில் இருக்கும். எண் தர மறுத்தாலோ, ஆய்வு மருந்துக்கே காசு கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். எண் இருந்தால், சேரும் தகுதி என்ற பகுதியை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அச்செடுத்துக் கொடுங்கள். கடைசி எம்.ஆர்.ஐ. தேதி, ஸ்டெராய்டு அளவு, இதுவரை முடிந்த டெமோசோலமைடு சுற்று, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.